பக்கம் திருப்புகிறவர்

நீலச் சட்டைதான் என்று அவள் முடிவு செய்துவிட்டாள். காலரின் மேல் இஸ்திரிப் பெட்டியை வைத்து அழுத்திக்கொண்டிருந்தபோது நாத்தனார் கதவருகே வந்து நின்றாள்.

“என்ன இது, நீலமா? அந்தக் கறுப்புச் சட்டை எங்க?”

“அது அழுக்கா இருக்கு அண்ணி.”

“உன் வீட்டுல அழுக்குச் சட்டையா?” நாத்தனார் அழுது வீங்கிய கண்களை இன்னும் கொஞ்சம் சுருக்கினாள். “மேடையில அதைப் போட்டுட்டு உட்கார்ந்தா என் தம்பி எப்படி இருப்பான்! கடைசியா ஒரு தடவை அப்படிப் பார்க்கணும்னு இருக்கு எனக்கு.”

கறுப்புச் சட்டை அழுக்கு இல்லை. துவைத்துத் தேய்த்து, அலமாரிக்குள் தனி ஹேங்கரில், மேலே பிளாஸ்டிக் உறையோடு தொங்கிக்கொண்டிருக்கிறது. ஆஸ்பத்திரிச் சலவைக்கூடத்தில் படுக்கை விரிப்புகளை அழுத்திக் கொடுப்பது அவள் வேலை. அவள் வீட்டில் அழுக்குச் சட்டை என்றால் சின்னக் குழந்தைகூட நம்பாது. நம்பாவிட்டால் போகட்டும். அரங்கத்துப் பியானோக்காரிக்காக வாங்கிய சட்டையில் அவரை வழியனுப்ப அவளுக்கு மனசில்லை.

முன்னறையில் அவள் கணவர் கிடந்தார். ஆஸ்பத்திரியிலிருந்து போர்த்தி அனுப்பிய விரிப்பு இன்னும் மேலே இருந்தது. ஓரத்துத் தையலைப் பார்த்ததுமே அவளுக்குத் தெரிந்துவிட்டது, அவள் கூடத்தில் அழுத்தியதுதான். ஒருவேளை அவளே அழுத்தியதாகவும் இருக்கலாம். அந்த விரிப்புகள் கடைசியில் யார் மேல் போய்ச் சேர்கின்றன என்று இத்தனை வருஷத்தில் அவள் யோசித்ததே கிடையாது.

அவளும் மகளுமாகச் சட்டையைப் போட்டுவிட்டார்கள். மகள் பொத்தான்களை மாட்டினாள். அவள் கைமடிப்பை இழுத்துச் சரிசெய்தாள்.

“அப்பாவுக்கு நீலம் நல்லாத்தான் இருக்கு” என்றாள் மகள். பிறகு மெதுவாக, “ஏம்மா, பியானோ மேடம் வர்றேன்னு போன் பண்ணாங்க” என்றாள்.

“எதுக்கு?”

“என்ன கேள்விம்மா இது? எழவு வீட்டுக்கு எதுக்கு வருவாங்க?”

“வரட்டும், வரட்டும். பார்த்துட்டுப் போகட்டும். நாமதான் கடைசில பார்க்கிறோம். அவங்கதான் எல்லாத்தையும் முதல்ல பார்த்தாச்சே.”

மகள் அவளை ஒரு மாதிரி பார்த்துவிட்டுப் பொத்தானுக்குத் திரும்பினாள்.

அவர் நகர அரங்கத்தில் மேடைப் பணியாளர். மேடையைப் பெருக்குவது, விளக்குகளைத் திருப்புவது, பியானோவைத் தள்ளிக்கொண்டு வந்து அடையாளக் கோட்டில் நிறுத்துவது எல்லாம் அவர் பொறுப்பு. அதோடு ஒட்டிக்கொண்டு வந்ததுதான் இந்தப் பக்கம் திருப்புகிற வேலை. பியானோக்காரி தனியாக வாசிக்கிறவள். பக்கவாத்தியம் எதுவும் கிடையாது. அவள் கச்சேரியில் ஒரு பழைய இசை, ஒரு புது இசை என்று மாற்றி மாற்றி வரும். எப்போதோ செத்துப்போன மேதைகள் எழுதிய பழையவை எல்லாம் அவளுக்கு மனப்பாடம். இப்போது உயிரோடு இருக்கிறவர்கள் எழுதுகிற புதியவைதான் தகராறு. அவற்றில் தாளமும் பிடிபடாது, ராகமும் பிடிபடாது, யாருக்கும் மனசில் நிற்காது. தாளைப் பார்த்துத்தான் வாசிக்க வேண்டும். இரண்டு கையும் கட்டைகளின் மேல் இருப்பதால் தாளைத் திருப்ப ஓர் ஆள் வேண்டும். அந்த ஆள்தான் இவர். கறுப்புச் சட்டை போட்டுக்கொண்டு, பியானோவுக்கு இடப்பக்கம், கொஞ்சம் பின்தள்ளி ஒரு நாற்காலியில் உட்கார்ந்திருப்பார். நிகழ்ச்சித் தாளில் மேடைக்குப் பூ வைத்த கடையின் பெயர்கூட இருக்கும். இவர் பெயர் இருக்காது.

சலவைக்கூடத்துப் பெண்கள் இதை வைத்தே அவளை ஓட்டித் தீர்ப்பார்கள். “உன் வீட்டுக்காரர் இன்னைக்கும் பக்கம் திருப்பப் போயிட்டாரா? பாத்துடி, பக்கத்து சீட்டுக்காரி அவரையே திருப்பிடப் போறா!” அவளும் கூடச் சேர்ந்து சிரிப்பாள். சிரித்துவிட்டு அன்றைக்கு விரிப்புகளை வழக்கத்தைவிட அழுத்தமாகத் தேய்ப்பாள்.

பொறாமைதான். அதை அவள் மறைத்ததில்லை. ஆரம்பத்தில் இலவச டிக்கெட்டில் கச்சேரிக்குப் போயிருக்கிறாள். இசையை யார் கேட்டார்கள்? அவரைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள். அவரோ பியானோக்காரியின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். கண்ணைக்கூடக் கொட்டவில்லை. வீட்டுக்கு வந்து பிடிபிடியென்று பிடித்துக்கொண்டாள்.

“அவங்க தாடையைத்தான் பார்த்தேன்” என்றார் அவர். “தாடையை லேசா அசைச்சா திருப்பணும். எனக்கு அந்தப் புள்ளி கோடெல்லாம் படிக்கத் தெரியாதுல்ல?”

அவள் சட்டென்று தன் முகவாயைக் கையால் மூடிக்கொண்டாள். “சரி, என் தாடையில என்ன இருக்கு? சொல்லுங்க பார்ப்போம்.”

அவர் ரொம்ப நேரம் யோசித்தார். “தாடையில தாடைதான் இருக்கும்” என்றார்.

சின்ன வயதில் குழாயடியில் விழுந்து கிழித்துக்கொண்ட தழும்பு ஒன்று அங்கே இருக்கிறது. வருகிறவன் போகிறவனெல்லாம் கேட்டிருக்கிறான். அவருக்குத் தெரியவில்லை. அந்த வாரம் முழுக்க அவள் அவரோடு பேசவில்லை. அதற்குப் பிறகு கச்சேரிக்கும் போகவில்லை.

போதாக்குறைக்கு அந்த வேலை வீட்டுக்குள்ளும் வந்துவிட்டது. அவளுக்கு வாரப் பத்திரிகையில் தொடர்கதை படிக்கிற வழக்கம் உண்டு. பத்திரிகை வந்ததும் அவர் சாப்பாட்டு மேஜையில் உட்கார்ந்து, ஒவ்வொரு தாளாக எடுத்துக் கீழ் மூலையைச் சின்னதாக மடித்துவிடுவார். முதல் தாளிலிருந்து கடைசித் தாள் வரைக்கும். அப்புறம்தான் அவள் கைக்குக் கொடுப்பார். எல்லா மூலையும் முயல் காது மாதிரி நிமிர்ந்து நிற்கும்.

“ஒரு புத்தகத்தையாவது முழுசா விட்டு வைக்கிறீங்களா? அவங்களுக்குத் திருப்பறதுக்கு என் புத்தகத்துலயா பழகணும்?” என்று கேட்டாள். அவர் சிரித்தார். இல்லை என்றும் சொல்லவில்லை, ஆமாம் என்றும் சொல்லவில்லை. அவர் எப்போதுமே அப்படித்தான், வாயைத் திறந்தால் முத்து உதிர்ந்துவிடும்.

அந்த மனிதர் நேற்று ஒத்திகையில், அந்த நாற்காலியிலேயே போய்விட்டார். சலவைக்கூடத்து மேற்பார்வையாளர் வந்து அவளுடைய இஸ்திரி மெஷினை அவரே அணைத்துவிட்டு, அவசரப் பிரிவுக்குப் போகச் சொன்னார். ஆஸ்பத்திரியின் ஒரு முனையில் சலவைக்கூடம், இன்னொரு முனையில் அவசரப் பிரிவு. அவள் ஓடிய ஓட்டத்தில் அவரைச் சேர்த்த கட்டிலைத் தாண்டியே போய்விட்டாள். கடைசியில் திரைக்குப் பின்னால் போய்ப் பார்த்தால், காலடியில் பியானோக்காரி நின்றுகொண்டிருந்தாள். அவள் கையில் இவருடைய மூக்குக் கண்ணாடி.

அந்தக் கண்ணாடிதான் நேற்றிலிருந்து அவள் கண்ணில் நின்றது. எத்தனையோ வருஷம் ஒரே கட்டிலில் படுத்தவள் அவள். காய்ச்சலில், கடனில், மகளுக்குப் பரீட்சை வந்த நாட்களில் எல்லாம் கூட இருந்தவள். கடைசி மூச்சு மட்டும் இன்னொருத்தி பக்கத்தில். பிடுங்கிக்கொண்டு போன மாதிரி இருந்தது.

பியானோக்காரி வந்தபோது வாசலில் நின்றவர்கள் தானாக வழிவிட்டார்கள். அதுவும் அவளுக்குப் பிடிக்கவில்லை. உயரமான பெண்மணி, நரைத்த முடியை இழுத்துக் கட்டியிருந்தாள். கூட அரங்கத்து மேலாளர், கையில் ஒரு துணிப்பை. பியானோக்காரி கிடந்தவர் பக்கத்தில் போய் நின்றாள். இடப்பக்கமா வலப்பக்கமா என்று தெரியாதவள் போல ஒரு கணம் தடுமாறினாள். அப்புறம் அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். கண்ணில் தண்ணீர் இல்லை. அழுதிருந்தாலும் அவளுக்குக் கோபம் வந்திருக்கும், அழாததற்கும் வந்தது.

மேலாளர் பையை நீட்டினார். “அவரோட சாமான்மா. டிபன் பாக்ஸ், அப்புறம் ஏதோ புத்தகம்.”

அவள் வாங்கிக் கதவுக்குப் பின்னால் கொக்கியில் மாட்டினாள். பியானோக்காரியை உள்ளறைக்கு அழைத்தாள். இஸ்திரி மேஜை இன்னும் மடக்கப்படாமல் நின்றது. இருவரும் அதற்கு இரண்டு பக்கமும் நின்றார்கள்.

“என்ன நடந்துச்சு?” என்றாள். மேடம் என்று சொல்லவில்லை.

“சாப்பாட்டு இடைவேளை முடிஞ்சுது. நான் கூப்பிட்டேன். அவர் அப்பத்தான் ஏதோ புத்தகத்தை வச்சு நோண்டிட்டிருந்தார். அதைப் பையில வச்சிட்டு வந்து உட்கார்ந்தார். புதுசா ஒரு உருப்படி வாசிக்கறோம். நடுவுல ஓர் இடத்துல நான் கையைத் தூக்கிடணும், ஒண்ணுமே வாசிக்கக் கூடாது. கொஞ்ச நேரம் சும்மா இருக்கணும், அப்படித்தான் எழுதியிருக்கு. அது முடியும்போது தாளைத் திருப்பணும். நான் தலையசைச்சேன். அவர் எழுந்திருக்கல. மறுபடியும் அசைச்சேன்.” பியானோக்காரி இஸ்திரி மேஜையின் துணியை விரலால் நீவினாள். “அவர் ஒரு தடவைகூடத் தவறவிட்டதில்ல. அதனாலதான் திரும்பிப் பார்க்கறதுக்கு முன்னாடியே எனக்குத் தெரிஞ்சு போச்சு.”

“கடைசியா என்ன சொன்னார்?”

“ஒண்ணும் சொல்லல.”

“ஏதாவது சொல்லியிருப்பார்ல? கூப்பிட்டீங்கன்னு சொன்னீங்களே, அதுக்கு?”

“அதுவா? ‘இதோ வந்துட்டேன்’னார்.”

வீட்டில் தொண்டை கிழியக் கத்தினாலும் வராத மனிதர். சாப்பாடு ஆறுகிறது என்று எத்தனை தடவை கூப்பிட்டிருப்பாள்! பியானோக்காரி கூப்பிட்டால் மட்டும் இதோ வந்துட்டேனா?

“நாளைக்குக் கச்சேரியை நிறுத்திடலாம்னு நினைக்கறேன்” என்றாள் பியானோக்காரி. “டிக்கெட்டெல்லாம் வித்தாச்சு, மேலாளர் சங்கடப்படறார். ஆனா நீங்க வேண்டாம்னா வேண்டாம்தான்.”

அவள் வேண்டாம் என்று சொல்ல வாயைத் திறந்தாள். அப்புறம் நினைத்துப் பார்த்தாள். நிறுத்தினால் என்ன ஆகும்? பக்கம் திருப்புகிறவர் செத்துப்போனதற்காகக் கச்சேரியையே நிறுத்திவிட்டாள், எத்தனை பெரிய மனசு என்று ஊரெல்லாம் பேசும். செத்தவர் இவளுடைய கணவர், ஆறுதல் சொல்ல எல்லாரும் அங்கே போய் நிற்பார்கள்.

“நடத்துங்க” என்றாள்.

“தேங்க்ஸ். அந்த நாற்காலியில உட்கார என் மாணவி ஒருத்தி இருக்கா, மியூசிக் நோட்ஸ் நல்லாப் படிப்பா...”

“யாரு?”

“சின்னப் பொண்ணுதான். கெட்டிக்காரி.”

“வேண்டாம்.” அவள் குரல் அவளுக்கே வேறு யாருடையதோ போல் கேட்டது. “அது என் புருஷன் உட்கார்ந்த நாற்காலி. எவளோ ஒருத்தி வந்து உட்கார முடியாது. நான் வர்றேன்.”

பியானோக்காரி நிமிர்ந்து பார்த்தாள். “உங்களுக்கு நோட்ஸ் படிக்கத் தெரியுமா?”

“அவருக்கு மட்டும் தெரிஞ்சுதா?”

முன்னறையில் யாரோ மூக்கைச் சிந்துகிற சத்தம் கேட்டது. பியானோக்காரி மேஜையிலிருந்து கையை எடுத்தாள். பிறகு, “கறுப்புல ஏதாவது போட்டுக்கணும். மேடையில தனியாத் தெரியக் கூடாது” என்றாள்.

மதியம் வண்டி வந்தது. மின்மயானத்தில் வரிசை இருந்தது. காத்திருக்கிற கூடத்தில் ஒரு மின்விசிறி கடகடவென்று சத்தம் போட்டுக்கொண்டிருந்தது. உள்ளே கொண்டுபோகும்போது நீலச் சட்டையின் காலர் ஒரு பக்கம் தூக்கிக்கொண்டது. அவள் எட்டி அதைச் சரிசெய்தாள். அதற்கப்புறம் கதவை மூடிவிட்டார்கள். மகள் அவள் தோளில் சாய்ந்து விம்மினாள். அவள் அந்த மூடிய கதவையே பார்த்துக்கொண்டு நின்றாள், ரொம்ப நேரம்.

மறுநாள் சாயந்திரம் அவள் அலமாரியைத் திறந்தபோதுதான் வீட்டில் விஷயம் வெடித்தது.

“புருஷனை அனுப்பிட்டு ஒரு நாள் ஆகல, கச்சேரிக்குப் போறாளாம்!” நாத்தனார் தலையில் கை வைத்துக்கொண்டாள். “நாலு பேர் என்ன பேசுவாங்க? உனக்குப் புத்தி பிசகிடுச்சா?”

“பேசறவங்க பேசட்டும் அண்ணி. நான் ஒண்ணும் கேட்கப் போகல. வேலைக்குப் போறேன்.”

அவளிடம் கறுப்பில் ஒன்றும் இல்லை. பிளாஸ்டிக் உறையைக் கழற்றி அவருடைய சட்டையைப் போட்டுக்கொண்டாள். தோள் இறங்கித் தொங்கியது. கையை இரண்டு மடிப்பு மடித்துவிட்டாள். நாத்தனார் அந்தச் சட்டையைப் பார்த்தாள், அழுக்கு எங்கே என்று கேட்கவில்லை. கிட்டே வந்து பின்பக்கம் சுருங்கியிருந்த இடத்தை இழுத்துவிட்டாள்.

அரங்கத்துக்கு முன்கூட்டியே வரச் சொல்லியிருந்தாள் பியானோக்காரி. வேலை ரொம்ப எளிது என்றாள். தலையசைத்ததும் எழுந்து நிற்க வேண்டும், கட்டைகளை மறைக்காமல் இடது கையை மேலே கொண்டுபோய்த் தாளின் ஓரத்தைப் பிடிக்க வேண்டும், ஒரே வீச்சில் திருப்பிவிட்டு உட்கார வேண்டும். பழைய இசை வரும்போது ஒன்றும் செய்ய வேண்டாம், சும்மா இருந்தால் போதும். அந்தச் சும்மா இருக்கிற நேரத்திலும் அவர் ஏன் அங்கேயே இருந்தார் என்று அவள் பல வருஷம் சண்டை போட்டிருக்கிறாள். இப்போதுதான் புரிந்தது. போகிற வழி முழுக்கக் கண்கள். எழுந்து நடந்தால் அத்தனை பேரும் பார்ப்பார்கள்.

நாற்காலி மெத்தையில்லாத வெறும் கட்டையாக இருந்தது. உட்கார்ந்ததும் அவள் முதலில் செய்தது, அவர் பார்த்த இடத்தைப் பார்த்ததுதான். பியானோக்காரியின் தாடை. பவுடர் வழிந்து கழுத்தில் ஒரு வெள்ளைக் கோடு. தாடைக்குக் கீழே சதை தொங்கி, வேகமாக வாசிக்கும்போது ஆடியது. இருமல் மிட்டாய் வாசனை அடித்தது. அதோடு, சபைக்குக் கேட்காத குரலில் அவள் முனகிக்கொண்டே வாசித்தாள், அதுவும் சுருதி சேராமல். இதையா இத்தனை வருஷம் கண் கொட்டாமல் பார்த்தார் மனுஷன்? அவளுக்குச் சிரிப்பு வந்தது. கூடவே ஆத்திரமும் வந்தது. இதைக்கூட ஒழுங்காகப் பார்த்திருக்கிறார், என் தழும்பைப் பார்க்கவில்லையே.

பழையது முடிந்து முதல் புது உருப்படி தொடங்கியது. யாரோ பாத்திரங்களை ஒவ்வொன்றாகக் கீழே வைப்பது போல் இருந்தது அது. தாடை அசைந்தது. அவள் எழுந்து, கையை மேலே கொண்டுபோய், தாளின் கீழ் மூலையைத் தேடினாள். அவளுக்குத் தெரிந்ததெல்லாம் அதுதான். மூலையில் ஒரு மடிப்பு நிற்கும், விரலை வைத்தால் தானாக வரும்.

மடிப்பு இல்லை. தாள் வழவழவென்று தட்டையாக இருந்தது. அவள் விரல் அதன் மேல் வழுக்கியது. இத்தனை வருஷம் சலவைச் சோடாத் தண்ணீரிலும் இஸ்திரிச் சூட்டிலும் கிடந்த விரல்கள் அவை, ரேகையெல்லாம் தேய்ந்து போயிருந்தன. சலவைக்கூடத்து வாசலில் வருகைப் பதிவு மெஷின் அவள் விரலை மட்டும் ஏற்றுக்கொள்ளாது. தினமும் ‘மீண்டும் முயலவும்’ என்று சொல்லும். கூடத்துப் பெண்கள் அதை வைத்தும் ஓட்டுவார்கள், திருடப் போனால் மாட்டவே மாட்டாய் என்று. தாடை மறுபடி அசைந்தது. இந்த முறை அவசரமாக. வேறு வழியில்லாமல் அவள் அத்தனை பேர் முன்னால் விரலை நாக்கில் வைத்து ஈரப்படுத்திக்கொண்டு தாளைத் திருப்பினாள். உட்கார்ந்தபோது காது சுட்டது.

அந்த முதல் பாதி முழுக்க அப்படியே ஓடியது. இடைவேளையில் ஒப்பனை அறைக்குள் வந்ததும் பியானோக்காரி ஒரு குவளைத் தண்ணீரை மடக்மடக்கென்று குடித்தாள். “பரவாயில்ல, நல்லாத்தான் செஞ்சீங்க” என்றாள்.

“ஏன் மூலையை மடிச்சு வைக்கல?”

“எதை?”

“தாளைத்தான். அவர் மடிச்சு வைப்பாரே, ஒவ்வொரு தாளுக்கும். வீட்டுல உட்கார்ந்து உங்களுக்காகப் பழகுவாரே.”

“என் தாளையா?” பியானோக்காரி குவளையைக் கீழே வைத்தாள். “என் தாள்ல யாராவது மடிப்பு போட்டா நான் கொன்னே...” சட்டென்று நாக்கைக் கடித்துக்கொண்டாள். “இல்ல. அவர் மடிச்சதே இல்ல. அவருக்கு எதுக்கு மடிப்பு? விரல் வச்சா ஒரே ஒரு தாள் கையோட வரும். அப்படி ஒரு விரல்.”

அவள் தன் விரல்களைப் பார்த்துக்கொண்டிருந்தாள். எப்போதோ, மகள் பள்ளிக்கூடம் போய்க்கொண்டிருந்த காலத்தில், பத்திரிகையைத் திருப்ப விரலை நாக்கில் வைத்தபோது அவர் கையைத் தட்டிவிட்டார். “அந்தச் சோடாக் கையை வாயில வைக்காதே.” அவ்வளவுதான் சொன்னார். பின்னே எப்படித் திருப்பறதாம், வருதா பாருங்க என்று அவளும் எரிந்து விழுந்தாள். மடிப்புகள் எந்த வாரத்திலிருந்து தொடங்கின என்று யோசித்தாள். அவர் பியானோவுக்குப் பக்கத்தில் உட்காரத் தொடங்கியதும் ஏறக்குறைய அப்போதுதான். அதனால்தான் அவள் இரண்டையும் ஒன்றாக முடிச்சுப் போட்டுவிட்டாள்.

“என்னாச்சு?” என்றாள் பியானோக்காரி.

“ஒண்ணுமில்ல.”

“அவர் கச்சேரி முடிஞ்சா ஒரு நிமிஷம் இங்க நிக்க மாட்டார்” என்றாள் பியானோக்காரி, கொஞ்சம் குறையாக. “கைதட்டல் அடங்கறதுக்குள்ள பஸ்ஸைப் பிடிச்சிடுவார். இத்தனை வருஷத்துல என்கூட ஒரு காபி குடிச்சதில்ல.”

மணி அடித்தது. இருவரும் எழுந்தார்கள்.

கடைசியில் வந்தது அந்த உருப்படி. ஒத்திகையில் பாதியில் நின்றது. பியானோக்காரியின் கைகள் ஏறி இறங்கி, ஓர் இடத்தில் சட்டென்று மேலே எழும்பி அப்படியே நின்றன. ஒரு சத்தமும் இல்லை. சபையில் ஒருவர் இருமலை அடக்குவது கேட்டது. இங்கேதான் என்று அவளுக்குத் தெரிந்தது. இந்த நாற்காலியில், இந்த மௌனத்தில்தான் அவர் எழுந்திருக்கவில்லை. அவள் தாடையையே பார்த்துக்கொண்டிருந்தாள். தாடை அசையவில்லை. மௌனம் நீண்டது. அவள் பார்வையைக் கொஞ்சம் உயர்த்தினாள். பியானோக்காரி தாளைப் பார்க்கவில்லை. இடப்பக்கம், நாற்காலியை, அந்தக் கறுப்புச் சட்டையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். கண் நிறைந்து விளிம்பில் நின்றது.

நீ யார் அழுவதற்கு என்று அவளுக்கு நெஞ்சில் சுருக்கென்றது. இரண்டு நாளாக அவளுக்கே வராத கண்ணீர் அது. ஒரு கணம், தாளைத் தொடாமல் அப்படியே உட்கார்ந்துவிடலாமா என்று தோன்றியது. எல்லாரும் பார்க்கட்டும். ஆனால் அவர் ஒருநாளும் தவறவிட்டதில்லையாம். கால்கள் தாமாக எழுந்தன. விரலை நாக்கில் வைக்காமல், உள்ளங்கையை முழுசாகத் தாளின் மேல் அழுத்தி, விரிப்பைப் புரட்டுகிற மாதிரி புரட்டினாள். அந்த மௌனத்தில் தாள் திரும்புகிற சத்தம் மட்டும் கடைசி வரிசை வரைக்கும் கேட்டிருக்கும்.

“வாசிங்க” என்று வாய்க்குள் சொன்னாள். பியானோக்காரியின் கைகள் இறங்கின.

கைதட்டல் எழுந்தபோது பியானோக்காரி அவள் கையைப் பிடித்து எழுப்பப் பார்த்தாள். அவள் விடுவித்துக்கொண்டாள். கைதட்டல் அடங்குவதற்குள் பக்கவாட்டு வாசல் வழியாக வெளியே வந்து, சட்டையோடேயே பஸ் ஏறிவிட்டாள்.

மறுநாள் காலையில் நாத்தனார் ஊருக்குப் புறப்பட்டாள். மகள் அத்தையைப் பஸ் நிலையத்தில் விட்டுவரக் கூடவே போனாள். வீடு காலியாக இருந்தது. அவள் கதவுக்குப் பின்னாலிருந்த துணிப்பையை எடுத்தாள். டிபன் பாக்ஸைத் திறந்து பார்த்தாள். ஒரு பருக்கை இல்லாமல் சாப்பிட்டிருந்தார். அதைக் கழுவிக் கவிழ்த்துவிட்டு, கையைத் துடைத்துக்கொண்டு, பையிலிருந்து அந்தப் புத்தகத்தை எடுத்தாள். இந்த வாரத்துப் பத்திரிகை.

சாப்பாட்டு மேஜையில், தான் வழக்கமாக உட்காரும் நாற்காலியில் உட்கார்ந்தாள். ஜன்னல் வழியாக வெயில் மேஜையின் பாதி வரைக்கும் வந்திருந்தது. முதல் தாளின் மூலை நிமிர்ந்து நின்றது. விரலை வைத்தாள். வந்தது. அடுத்ததும் வந்தது. சினிமாச் செய்தி, சமையல் குறிப்பு, வாசகர் கேள்வி எதையும் படிக்காமல் ஒவ்வொரு தாளாகத் திருப்பினாள். எல்லா மூலைகளும் ஒரே அளவில், கோடு போட்ட மாதிரி மடிக்கப்பட்டிருந்தன. தொடர்கதை வந்தது. அதை மட்டும் முதல் வரியிலிருந்து படித்தாள். மூத்த மருமகள் பெட்டியை எடுத்துக்கொண்டு வாசலுக்கு வந்து, யாரோ கூப்பிடுகிற குரல் கேட்டுத் திரும்புகிறாள். பக்கம் முடிந்தது.

அடுத்த தாளின் மூலை தட்டையாகக் கிடந்தது. அதற்கு அடுத்ததும், அதற்குப் பின்னால் இருந்த எல்லாமும்.

அவள் விரலை நாக்கு வரைக்கும் கொண்டுபோனாள். பிறகு கையைக் கீழே இறக்கி, மடியில் வைத்துக்கொண்டாள்.